இங்கிலாந்தில் கேர் வேலையும் லெவல் 2, லெவல் 3 டிப்ளோமாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பராமரிப்பு இல்லத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே லெவல் 2 முடித்தேன். பிறகு லெவல் 3. இப்போது இவற்றைப் படிப்பவர்களின் சான்றுக் கோப்புகளைப் பார்த்து மதிப்பிடும் அசெசர் வேலை. தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் எங்கிருந்தோ தொலைபேசி எண்ணைப் பிடித்து அழைப்பவர்கள் பலர். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன். இவை இங்கிலாந்துக்கு உரியவை.

"என்விக்யூ இருக்கிறதா?" என்று நேர்காணலில் கேட்கிறார்கள். அது என்ன?

வேலையிடத்தில் செய்துகாட்டிப் பெறும் தொழில் தகுதியின் (NVQ) பழைய பெயர். நாக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது. 2010க்குப் பிறகு என்விக்யூ போய் டிப்ளோமா வந்தது. இன்று உங்களிடம் யாராவது "என்விக்யூ 2" என்று கேட்டால், பராமரிப்புக்கான லெவல் 2 டிப்ளோமாவைத்தான் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "என்விக்யூ 3" என்றால் வயதுவந்தோர் பராமரிப்புக்கான லெவல் 3 டிப்ளோமா. உங்கள் அக்காவிடம் 2006-இல் வாங்கிய பழைய என்விக்யூ சான்றிதழ் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். இன்றும் பெரும்பாலான முதலாளிகள் அதை மதிக்கிறார்கள்.

கேர் சர்ட்டிஃபிகேட் முடித்துவிட்டேன். அதுவே லெவல் 2 இல்லையா?

இல்லை. அதிகமானவர்கள் குழம்பும் இடம் இதுதான்.

மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனை அவலங்கள் பற்றிய விசாரணை அறிக்கை 2013-இல் வெளிவந்தது. அதே ஆண்டு, பயிற்சியே இல்லாமல் கேர் ஊழியர்கள் நோயாளிகளிடம் அனுப்பப்படுவதை இன்னோர் ஆய்வும் சுட்டிக்காட்டியது. அதன் விளைவாக 2015 ஏப்ரலில் கேர் சர்ட்டிஃபிகேட் வந்தது. தொடக்கத்தில் 15 தரநிலைகள். 2025-இல் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் பற்றிய ஒன்று சேர்ந்து 16 ஆயின. புதிதாகச் சேர்ந்தவர் முதல் சில வாரங்களில் முடிக்கவேண்டிய அறிமுகப் பயிற்சி அது. சான்றிதழில் கையெழுத்திடுவது உங்கள் முதலாளி. வெளியார் யாரும் சரிபார்ப்பதில்லை. அதனால்தான் இல்லம் மாறியதும் புதிய மேனேஜர் "எங்களிடம் மறுபடி செய்யுங்கள்" என்கிறார், நீங்களும் நொந்துபோகிறீர்கள்.

இந்தத் தொல்லையைத் தீர்க்கவே 2024-இல் அதே பாடங்களை வைத்து லெவல் 2 தகுதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதை ஒரு தேர்வு வாரியம் வழங்குகிறது, மதிப்பீட்டாளர் பார்க்கிறார், இல்லம் மாறினாலும் கூடவே வருகிறது. லெவல் 2 டிப்ளோமா இதைவிடப் பெரியது: குறைந்தது 46 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் ஏறத்தாழ 10 மணி நேர உழைப்பு. லெவல் 3 டிப்ளோமாவுக்கு 58 கிரெடிட்.

வேலை இல்லாமல் படிக்க முடியுமா?

டிப்ளோமாவை முடியாது. நீங்கள் ஒருவரை உண்மையாகவே பராமரிப்பதை ஒருவர் கண்ணால் பார்த்து எழுதவேண்டும். பொம்மையை வைத்து நடித்துக் காட்டுவது மிகச் சில இடங்களில்தான் ஏற்கப்படும். சம்பள வேலையாக இருக்கவேண்டும் என்றில்லை; தொண்டர் வேலையும் சில நேரம் போதும், ஆனால் மணி நேரம் போதிய அளவு இருக்கவேண்டும்.

வேலை தேடும் நிலையில் இருப்பவர்களுக்கு, பராமரிப்புத் துறைக்கு ஆயத்தமாவதற்கென்றே ஏட்டறிவு மட்டும் கேட்கும் சிறிய படிப்புகள் உண்டு. நேர்காணலில் பேச விஷயம் கிடைக்கும். அதை முடித்துவிட்டு "நான் லெவல் 2 முடித்தவன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மேனேஜர் சான்றிதழின் தலைப்பை வாசிப்பார்.

பரீட்சை எப்படி இருக்கும்? தோற்றால்?

பரீட்சை மண்டபம், கேள்வித்தாள், மதிப்பெண் எதுவும் கிடையாது. ஏ, பி, சி என்ற தரமும் இல்லை. டிப்ளோமாவின் ஒவ்வொரு பகுதியிலும் (யூனிட்) "இன்னதைச் செய்யத் தெரியும்", "இன்னது தெரியும்" என்று வரிசையாகச் சில அளவுகோல்கள். அவை ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒரு சான்று காட்டவேண்டும். காட்டினால் முடிந்தது. காட்டவில்லை என்றால் "இன்னும் இல்லை" என்று கோப்பு திரும்பி வரும், நீங்கள் திருத்தி அனுப்புவீர்கள்.

ஊரில் பரீட்சை எழுதி வளர்ந்த நமக்கு இது முதலில் பிடிபடுவதில்லை. புத்தகத்தை ஒப்பித்துப் பழகியவர் "மனித மாண்பு என்றால் என்ன?" என்ற கேள்விக்கு இரண்டு பக்க விளக்கம் எழுதி அனுப்புகிறார். நான் கேட்டதோ நேற்றுக் காலை அவர் குளியலறைக் கதவை மூடினாரா என்பது.

அசெசர் வந்து பார்க்கும் நாளில் என்ன நடக்கும்?

முதலில், அவர் முன்கூட்டியே நாள் சொல்லித்தான் வருவார். நீங்கள் உதவும் நபரிடமும் அனுமதி கேட்கவேண்டும். அவர் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். கழுவுதல், கழிப்பறை போன்ற அந்தரங்கமான வேளைகளில் அசெசர் அறைக்குள் நிற்பதில்லை. அதற்கு உங்கள் மூத்த ஊழியரிடம் சாட்சிக் கடிதம் வாங்குவார்.

என் முதல் நாளைச் சொல்கிறேன். காலை ஏழே முக்கால். பக்கவாதத்தால் வலது கை தளர்ந்த ஒரு முதியவர். அசெசர் கதவோரம் நிற்கிறார். நான் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்: கை கழுவினேன், திரையை இழுத்தேன், உடுத்தும்போது தளர்ந்த கையை முதலில் சட்டைக்குள் விட்டேன். (கழற்றும்போது நல்ல கை முதலில்; இதை எந்த அசெசரும் கவனிப்பார்.) பிறகு சுறுசுறுப்பைக் காட்டும் ஆவலில் ஏழு பொத்தான்களையும் அரை நிமிடத்தில் மாட்டிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நானும் அதைக் கவனிக்கவில்லை.

வெளியே வந்ததும் அசெசர் கேட்டது ஒரே கேள்வி: "அவரால் எத்தனை பொத்தான் போட முடியும்?"

எனக்குத் தெரியவில்லை. பராமரிப்புத் திட்டத்தில் இருந்தது. "பொத்தான்களைத் தாமே போட விரும்புவார், நேரம் கொடுக்கவும்." நான் அதை வாசித்துக் கையெழுத்தும் போட்டிருந்தேன். அடுத்த வாரம் காத்திருந்தேன். கீழிருந்து நான்கு போட்டார். மேலே மூன்றுக்குக் கை எட்டவில்லை. என்னைப் பார்த்தார், நான் போட்டேன். எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடம்தான் அந்தப் பகுதியில் எனக்குத் தேர்ச்சி வாங்கிக் கொடுத்தது.

நம்மவர்கள் பலர் தடுக்குவது இங்கேதான். பெரியவர்களுக்கு ஊட்டிவிடுவதும் உடுத்திவிடுவதும் அன்பு என்று வளர்ந்தவர்கள் நாம். அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டால் ஊரில் நல்ல மகள். இங்கே, தானாகச் சாப்பிடக்கூடியவரின் கரண்டியை வாங்கிக்கொண்டால் அவருடைய சுயசார்பைப் பறித்ததாக எழுதுவார்கள். எனக்கு இது தொடக்கத்தில் கோபத்தைத் தந்தது. வெள்ளைக்காரர்களுக்குப் பாசம் தெரியாது என்று வீட்டில் வந்து புலம்பியிருக்கிறேன். ஒரு மாதம் எல்லாவற்றையும் செய்துகொடுத்துவிட்டால் அதன்பின் அந்தக் கை உண்மையாகவே செய்ய மறந்துபோகிறது என்பதை ஒருவரிடம் கண்ணால் பார்த்த பிறகுதான் புலம்பலை நிறுத்தினேன்.

எழுதச் சொன்னால் என்ன எழுதுவது? இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது.

கேள்வியின் முதல் சொல்லைப் பாருங்கள். "குறிப்பிடுக" என்றால் பெயர்களைச் சொன்னால் போதும். "விவரிக்க" என்றால் எப்படி இருக்கிறது, என்ன நடக்கிறது என்று சொல்லவேண்டும். "விளக்குக" என்றால் ஏன் என்ற காரணம் வந்தாகவேண்டும். லெவல் 3 முதல் "ஆராய்க", "மதிப்பிடுக" வரும். இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்து உங்கள் முடிவைச் சொல்லவேண்டும். திரும்பி வரும் கோப்புகளில் பெரும்பாலானவை "விளக்குக" என்ற இடத்தில் விவரித்தவை. "ஆகையால்", "இல்லாவிட்டால்" என்ற சொற்கள் உங்கள் பதிலில் ஒருமுறைகூட இல்லை என்றால் நீங்கள் விளக்கவில்லை.

பிறகு, அனுபவக் குறிப்பு. அதில் நடந்ததைச் சொல்லி, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றும், அடுத்தமுறை என்ன மாற்றுவீர்கள் என்றும் எழுதுவீர்கள். ஒரே சம்பவத்தை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன்.

முதலாவது: "நான் எப்போதும் இல்லவாசிகளுக்கு மரியாதை கொடுப்பேன். அவர்களுக்குத் தெரிவுரிமை கொடுப்பேன். உணவு கொடுக்குமுன் கேட்பேன்."

இரண்டாவது: "திருமதி ப.வுக்கு விழுங்குவதில் சிரமம். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் அவருக்கு உணவின் பதத்தைக் குறிக்கும் அளவில் லெவல் 4, அதாவது மசித்த உணவு என்று எழுதியிருக்கிறார். வியாழன் மதியம் பிஸ்கட் கேட்டார். கொடுத்தால் மூச்சுக்குழாய் அடைக்கலாம், மறுத்தால் அவமதிப்பாக இருக்கும் என்று தயங்கினேன். ஏன் கொடுக்க முடியவில்லை என்று அவரிடமே சொல்லி, மசித்த பழமா கஸ்டர்டா என்று இரண்டையும் காட்டினேன். கஸ்டர்டைத் தொட்டார். அவர் பிஸ்கட் கேட்டதை நாட்குறிப்பில் எழுதி, மறுமதிப்பீடு செய்ய முடியுமா என்று சீனியரிடம் கேட்டேன்."

முதலாவதில் ஒரு மனிதரும் இல்லை. இரண்டாவது ஒரே சம்பவத்தில் உணவும் நீரும், தொடர்பாடல், ஆபத்தை அளப்பது, தெரிவுரிமை, பதிவேடு என்று ஐந்து பகுதிகளின் அளவுகோல்களைத் தொட்டுவிடுகிறது. நல்ல அசெசர் அந்த ஒரே குறிப்பை ஐந்து இடத்திலும் சேர்த்துக்கொள்வார். ஒவ்வொரு அளவுகோலுக்கும் தனித்தனியே எழுதி உடலை வருத்திக்கொள்ள வேண்டாம்.

"நாங்கள் செய்தோம்" என்று எழுதாதீர்கள். "நான்" என்று எழுதுங்கள். தன்னைத் தானே முன்னிறுத்துவது நமக்குக் கூச்சம்தான். ஆனால் ஆளைத் தூக்கும் கருவியான ஹொயிஸ்டின் ஸ்லிங்கை (தூக்கும் துணிப்பட்டை) மாட்டியது நீங்களா உங்கள் கூட்டாளியா என்று எனக்குத் தெரியவேண்டும்.

என் ஆங்கிலம் அவ்வளவு நன்றாக இருக்காதே?

இங்கே இலக்கணத்துக்கு மதிப்பெண் இல்லை. நீங்கள் சொல்வது அடுத்தவருக்குப் புரியவேண்டும், அவ்வளவுதான். எழுத்து வராவிட்டால் தொழில்சார் உரையாடல் என்று ஒரு வழி இருக்கிறது: அசெசரும் நீங்களும் அமர்ந்து பேசுவீர்கள், அது ஒலிப்பதிவாகி அப்படியே சான்றாகிவிடும். நான் பார்த்த மிகச் சிறந்த கோப்புகளில் ஒன்று இப்படிப் பேசியே நிறைந்தது. கேட்டால்தான் கொடுப்பார்கள், கேளுங்கள்.

ஆனால் வேலையில் ஆங்கிலம் வேறு விஷயம். அங்கே சலுகை கிடையாது. "நன்றாக இருந்தார், எல்லாம் செய்யப்பட்டது" என்று நாட்குறிப்பில் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதிகாலை 2:10க்கு இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன், வலது குதிகாலில் சிவப்பு, அழுத்தினால் வெளுக்கவில்லை, நர்சிடம் சொன்னேன் என்று எழுதுங்கள். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம். எழுதாமல் விட்ட வேலையை இந்தத் துறையில் நடக்காத வேலையாகவே கருதுவார்கள்.

தமிழில் எழுதி, கணினியை வைத்து மொழிபெயர்த்து அனுப்பலாமா? செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதலாமா?

இது உங்கள் சொந்த வேலை என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்திடுகிறீர்கள். மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தினால் முன்பே அசெசரிடம் சொல்லிவிடுங்கள், பலர் ஏற்பார்கள். கருவி எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒட்டுவது மோசடியாகக் கருதப்படும், தகுதியே பறிபோகலாம். கண்டுபிடிப்பதும் கடினமில்லை. உங்கள் இல்லத்தில் ஹொயிஸ்டே கிடையாது, உங்கள் கட்டுரையில் மட்டும் தினமும் இரண்டு ஹொயிஸ்ட் ஓடுகிறது.

இல்லவாசிகளின் பெயரை எழுதலாமா?

கூடாது. முதலெழுத்து, அல்லது நீங்களாக வைத்த எழுத்து. அறை எண்ணும் கூடாது. பராமரிப்புத் திட்டத்தையோ மருந்துப் பதிவேட்டையோ போனில் படமெடுத்துக் கோப்பில் ஏற்றுவது தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறு, வேலையே போகலாம். அவை எங்கே இருக்கின்றன என்று எழுதினால் போதும், அசெசர் வந்து அங்கேயே பார்ப்பார்.

எந்தப் பகுதி மிகக் கடினம்?

எல்லாரும் மருந்து என்பார்கள். என் கணக்கில், சம்மதமும் முடிவெடுக்கும் திறனும்தான்.

2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் ஐந்து கொள்கைகளைச் சொல்கிறது. ஒருவரால் முடிவெடுக்க முடியாது என்று நிரூபிக்கும்வரை முடியும் என்றே கொள்ளவேண்டும். முடிவெடுக்க அவருக்கு இயன்ற எல்லா உதவியும் கொடுத்துப் பார்க்கவேண்டும். முட்டாள்தனமான முடிவு எடுத்தார் என்பதற்காக அவருக்குத் திறனில்லை என்று சொல்லக்கூடாது. திறனில்லாதவருக்காக எடுக்கும் முடிவு அவருடைய நலனுக்காகவே இருக்கவேண்டும். அதிலும் அவருடைய சுதந்திரத்தை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழியைத் தேடவேண்டும்.

இவற்றைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கும் மாணவியிடம் நான் கேட்பேன்: "நீரிழிவு உள்ள ஓர் அம்மா. மனம் தெளிவாக இருக்கிறது. கேக் கேட்கிறார். மகள் தொலைபேசியில், கொடுக்கவே கூடாது என்கிறார். என்ன செய்வீர்கள்?" தமிழர் என்றால் பத்தில் எட்டுப் பேர் "மகள் சொல்வதைக் கேட்பேன்" என்பார்கள். குடும்பத்தின் மூத்த பிள்ளை முடிவெடுப்பது நம் இரத்தத்தில் ஊறியது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அம்மாவுக்குத் திறன் இருந்தால், கேக் அவருடைய முடிவு. உங்கள் வேலை, சர்க்கரை ஏறினால் என்ன ஆகும் என்று அவருக்குப் புரியும்படி சொல்வதும், சிறிய துண்டு வேண்டுமா என்று கேட்பதும், நடந்ததை எழுதுவதும், சீனியருக்குச் சொல்வதும். நலவாழ்வு தொடர்பாக அம்மாவுக்காக முடிவெடுக்கும் உரிமை தரும் நீடித்த அதிகாரப் பத்திரம் மகளிடம் இருந்தாலும், அம்மா திறனை இழந்த பிறகுதான் அது செயலுக்கு வரும். அது இல்லாத மகளின் கருத்தைக் கேட்டறியலாம், அதுவே உத்தரவாகாது.

திறன் என்பது ஒருமுறை பார்த்து முத்திரை குத்தும் விஷயமும் இல்லை. அந்த முடிவுக்கு, அந்த நேரத்துக்கு மட்டும். டிமென்ஷியா உள்ள ஒருவரால் வீட்டை விற்கும் பத்திரத்தைப் புரிந்துகொள்ள முடியாமல் போகலாம். நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையா என்று சொல்ல முடியும். காலையில் தெளிவாக இருந்தவர் சிறுநீர்த் தொற்று வந்து மாலையில் குழம்பலாம். சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, முடிவெடுக்கும் அளவுக்கு நினைவில் வைத்திருக்கிறாரா, நன்மை தீமையை நிறுத்துப் பார்க்கிறாரா, ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்கிறாரா என்ற நான்கையும் பார்க்கவேண்டும். தலையசைப்பதும் தெரிவிப்பதுதான்.

கூட வேலை செய்பவர் முதியவரிடம் கடுமையாக நடந்தால் காட்டிக்கொடுக்கவேண்டுமா?

"காட்டிக்கொடுப்பது" என்ற சொல்லை முதலில் கீழே வையுங்கள். டிப்ளோமாவின் பாதுகாப்புப் பகுதியைப் படிக்கும்போது பிரிஸ்டல் அருகே இருந்த வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையைப் பற்றிப் படிப்பீர்கள். கற்றல் குறைபாடு உள்ளவர்களை அங்கே ஊழியர்கள் அடித்துத் துன்புறுத்தியதை 2011-இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி மறைகாமிராவில் காட்டியது. 11 ஊழியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், 6 பேர் சிறை சென்றார்கள். அதற்கு முன்பே அங்கு வேலை பார்த்த மூத்த நர்ஸ் ஒருவர் எழுதி எச்சரித்திருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது: முதியவருக்கு உடனடி ஆபத்து இருந்தால் அதைத் தடுப்பது. பார்த்ததையும் கேட்டதையும் அதே சொற்களில், அன்றே எழுதுவது. மேனேஜரிடம் சொல்வது. மேனேஜரே சம்பந்தப்பட்டவர் என்றால் உள்ளூராட்சி மன்றத்தின் பாதுகாப்புக் குழுவிடமோ, கண்காணிப்பு ஆணையமான சிக்யூசியிடமோ (CQC) சொல்வது. நீங்களே விசாரணை நடத்தக்கூடாது. "யாரிடமும் சொல்லாதே மகளே" என்று முதியவர் கையைப் பிடித்துக்கொண்டாலும் சத்தியம் செய்யக்கூடாது. சொல்லவேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று பதில் சொல்லுங்கள். பொதுநலனுக்காக உண்மையை வெளியிடுபவரை 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாதுகாக்கிறது.

விசாவில் இருப்பவர்களுக்கு இதில் பயம் கூடுதல் என்பது எனக்குத் தெரியும். விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியான ஸ்பான்சரைப் பகைத்தால் நாட்டைவிட்டே போகவேண்டுமோ என்ற பயம். அப்படிப்பட்டவர்கள் எழுத்தில் சொல்லி, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத்திலும் சேர்ந்துவிடுவது நல்லது. இல்லவாசியின் தனிப்பட்ட விவரங்கள் அந்தப் பிரதியில் இருக்கக்கூடாது.

சட்டங்களை எல்லாம் மனப்பாடம் செய்யவேண்டுமா?

வேண்டாம். பெயரும் ஆண்டும் தெரிந்து, உங்கள் கையில் அது எங்கே வேலை செய்கிறது என்று சொன்னால் போதும். எடுத்துக்காட்டாக, ஆட்களைத் தூக்கும் கருவிகளை 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியானவர் முழுமையாகச் சோதிக்கவேண்டும் என்பது 1998-ஆம் ஆண்டு விதிமுறை. ஹொயிஸ்டில் ஒட்டியிருக்கும் தேதியை நீங்கள் பார்க்கிறீர்களா என்பதே கேள்வி.

எவ்வளவு காலம் ஆகும்?

லெவல் 2க்கு முழுநேர வேலையுடன் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். லெவல் 3க்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு. அறிவுக் குறைவால் தாமதமானவரை நான் கண்டதில்லை. "அடுத்த வாரம் எழுதுகிறேன்" என்பதுதான் பலரை இரண்டு ஆண்டுக்கு இழுக்கிறது. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் அமர்ந்ததும், அன்று நடந்த ஒன்றைப் போனில் தமிழிலேயே பேசிப் பதிந்துவிடுங்கள், பெயர் இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை எழுத உட்காரும்போது வெறும் தாளைப் பார்த்து விழிக்கவேண்டி இராது.

செலவு யாருடையது? நான் கேர் விசாவில் வந்தவள்.

முதலில் முதலாளியிடம் கேளுங்கள். பராமரிப்பு ஊழியர்களின் படிப்புக்கு முதலாளி செலுத்தும் கட்டணத்தைத் திரும்பப் பெற அரசின் திட்டம் ஒன்று 2024-இல் இங்கிலாந்தில் தொடங்கியது; இப்போதும் நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல சிறிய இல்லங்களின் மேனேஜர்களுக்கே அது தெரியாது. வேலை செய்துகொண்டே பயிலும் அப்ரண்டிஸ்ஷிப் வழியாகவும் லெவல் 2, லெவல் 3 செய்யலாம். லெவல் 3 முதல், 19 வயது நிறைந்தவர்களுக்கு அரசின் கல்விக் கடன் உண்டு.

விசாவில் இருப்பவர் படிப்பதற்குத் தடையில்லை. பணம்தான் சிக்கல்: அரசு நேரடியாகத் தரும் கல்வி நிதிக்குப் பொதுவாக மூன்று ஆண்டு வசிப்பும் குறிப்பிட்ட குடியேற்ற நிலையும் கேட்பார்கள். உங்களுக்குப் பொருந்துமா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: "இத்தனை மாதத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தரவேண்டும்." இருந்தால், எவ்வளவு, மாதம் போகப்போகக் குறைகிறதா என்று கேளுங்கள். முதலாளி கட்டாயப்படுத்தும் பயிற்சி நேரம் சம்பள நேரம் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஊரில் நர்ஸாக இருந்தேன். எனக்கு எதற்கு லெவல் 2?

நியாயமான கோபம். உங்கள் பட்டம் இங்கே எந்த நிலைக்கு ஒப்பானது என்று யுகே எனிக் அமைப்பு அறிக்கை தரும், கட்டணம் உண்டு. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் சில பகுதிகளைத் தவிர்க்கலாம். நேரடியாக லெவல் 3க்கே சேரலாம். லெவல் 2 முடித்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உங்கள் வேலைப் பொறுப்பு அதற்கு ஏற்றதாக இருந்தால் போதும். ஒன்று மட்டும் சொல்வேன்: நர்ஸாக இருந்தவர்கள் கேர் கோப்பில் நோயைப் பற்றியே எழுதுகிறார்கள், ஆளைப் பற்றி எழுதுவதில்லை. இரத்த அழுத்தம் எவ்வளவு என்று மூன்று வரி. அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விரும்புகிறாரா என்று ஒரு வரிகூட இல்லை.

இணையத்தில் மிக மலிவாக "லெவல் 3 டிப்ளோமா" விற்கிறார்கள். வாங்கலாமா?

தகுதிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்க்வாலின் (Ofqual) பதிவேட்டில் அந்தத் தகுதியின் எண்ணைத் தேடுங்கள். இலவசம், ஐந்து நிமிட வேலை. எண் இல்லை, தேர்வு வாரியத்தின் பெயர் இல்லை, அசெசர் வரமாட்டார் என்றால், நீங்கள் வாங்குவது அழகான காகிதம். சிட்டி அண்ட் கில்ட்ஸ், என்சிஎஃப்இ, பியர்சன், ஹைஃபீல்ட் போன்றவை வாரியங்கள். அவை நேரடியாகப் பாடம் நடத்துவதில்லை, மையங்கள் நடத்தும். "எங்கள் மையம் அங்கீகரிக்கப்பட்டது" என்று மட்டும் சொன்னால், எந்த வாரியத்தால் என்று கேளுங்கள்.

ஸ்காட்லாந்துக்கோ வேல்ஸுக்கோ போனால் செல்லுமா?

அங்கே தகுதிகளும் வேறு, பராமரிப்பு ஊழியர்கள் பதிவு செய்யவேண்டிய சபைகளும் வேறு. இங்கிலாந்தில் ஊழியர்களுக்கு அப்படிப் பதிவு இல்லை. போகுமுன் அந்தச் சபையிடம் கேளுங்கள். வடக்கு அயர்லாந்துக்கும் இதே பதில்.

முடித்தால் சம்பளம் கூடுமா?

கூட்டவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. என் அனுபவத்தில் லெவல் 2க்கு மணிக்குச் சில பென்ஸ், பல இடங்களில் அதுவும் இல்லை. லெவல் 3 சீனியர் பதவிக்கு வழி திறக்கும். பணம் அந்தப் பதவியில்தான் மாறும், சான்றிதழில் இல்லை. மேனேஜராக விரும்புபவருக்கு லெவல் 5. ஆகவே சேருமுன், "முடித்த பின் எனக்கு என்ன பதவி, என்ன ஊதியம்?" என்று மேனேஜரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் கேட்டு, வாயால் வந்த பதிலை நம்பிப் பதினெட்டு மாதம் காத்திருந்தவள் நான்.